காலிக் கப்பலின் பாரம்

ஒரகடத்தில் மரப்பலகைக்குக்கூட பாஸ்போர்ட் உண்டு. ஏற்றுமதிக்குப் போகும் ஒவ்வொரு பேலட்டின் பக்கவாட்டிலும் சூடு போட்டதுபோல ஒரு முத்திரை இருக்கும். ஒரு கோதுமைக் கதிர், பக்கத்தில் இந்தியாவைக் குறிக்கும் 'ஐஎன்', ஓர் எண், கடைசியில் 'ஹெச்டி'. அந்த மரத்தின் உள்மையம் வரைக்கும் 56 டிகிரி செல்சியஸ் சூடு 30 நிமிடம் விடாமல் இருந்தது என்று அதற்கு அர்த்தம். மரத்துக்குள் ஒளிந்துகொண்டு ஒரு வண்டோ புழுவோ இன்னொரு நாட்டுக் காட்டுக்குள் இறங்கிவிடக் கூடாது என்பதற்காக 2002இல் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட விதி. முத்திரை இல்லாத ஒரே ஒரு பேலட் போதும், மொத்தப் பெட்டியையும் அந்த ஊர்க்காரன் திருப்பி அனுப்பலாம். அதனால் எங்கள் டிஸ்பாட்ச்சில் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள்.

வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் எனக்குக் காகித வேலை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில். நெட் வெயிட் எவ்வளவு, கிராஸ் வெயிட் எவ்வளவு என்று நாள் முழுக்க எடையோடுதான் பிழைப்பு. இந்த முத்திரைமேல் எனக்குப் பெரிய மரியாதை இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஒரு புழுவுக்காக இத்தனை நாடுகள் உட்கார்ந்து பேசியிருக்கின்றன என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த பேலட் ஏறப்போகும் கப்பல் இங்கே எதைக் கொண்டுவருகிறது என்ற கேள்வி எங்கள் படிவங்கள் எதிலும் கிடையாது. சரக்கு எடுக்க வருகிற கப்பல் காலியாகத்தானே வரும், அதில் என்ன இருக்கப்போகிறது?

காலிக் கப்பல் என்று ஒன்று கிடையாது. சரக்கில்லாத கப்பல் தக்கை மாதிரி மேலெழும்பி நிற்கும், காற்றுக்குச் சாயும், புரொப்பல்லர் பாதி வெளியே தெரியும். பழைய மரக்கலங்களில் இதற்காகக் கல்லும் மணலும் போட்டார்கள். இரும்புக் கப்பல் வந்தபிறகு கடல்நீரே போதும் என்றாயிற்று. சரக்கை இறக்கிய துறைமுகத்திலேயே தண்ணீரை உறிஞ்சித் தொட்டிகளில் நிரப்பிக்கொண்டு கிளம்பும். ஏற்ற வேண்டிய துறைமுகத்தில் சரக்கு ஏற ஏற அதை வெளியே விடும். இதுதான் பேலஸ்ட் தண்ணீர். உலகம் முழுக்க ஆண்டுக்கு 300 முதல் 500 கோடி டன் தண்ணீர் இப்படி இடம் மாறுகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அது வெறும் தண்ணீர் இல்லை. மீன் முட்டை, நண்டுக் குஞ்சு, பாசி, சிப்பிகளின் கண்ணுக்குத் தெரியாத இளம்புழு, காலரா கிருமி வரைக்கும் அதில் பயணம் செய்யும். 1990களின் தொடக்கத்தில் தென்னமெரிக்காவில் பரவிய காலராவின் அதே வகைக் கிருமி, அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாத் துறைமுகங்களுக்கு வந்த கப்பல்களின் பேலஸ்ட் தண்ணீரில் கண்டுபிடிக்கப்பட்டது.

பலகைக்குள் இருக்கும் புழுவுக்கு டார்ச் அடிக்கிறோம். கப்பலுக்குள் ஒரு குட்டிக் கடலே வருகிறது.

எங்கள் காரிடாருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் ஒருநாள் வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் போய்ப் பார்க்கலாம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் செய்யத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை 2010இல் திறந்தது. 2001இல் நிலக்கரி இறக்குவதற்காகத் தொடங்கிய எண்ணூர் துறைமுகம், 2014இல் காமராசர் பெயர் பெற்ற அதே துறைமுகம், இடையில் கார் ஏற்றுமதிக்கும் வாசலானது. 2022இல் நிஸான் தன்னுடைய பத்து லட்சமாவது ஏற்றுமதிக் காரை அங்கிருந்துதான் அனுப்பியது. இந்தப் பக்கம் மழை பெய்தால் அந்தப் பக்கம் வெள்ளம் என்பதுபோல, இங்கே ஷிப்ட் கூடினால் அங்கே கப்பல் கூடும்.

அங்கே கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில் சில வருடங்களாக ஒரு சிப்பி பரவிக்கொண்டிருக்கிறது. மீனவர்கள் வைத்த பெயர் காக்கா ஆழி. நிறத்தைப் பார்த்தால் பெயருக்குக் காரணம் கேட்கத் தோன்றாது. அறிவியல் பெயர் மைடெல்லா ஸ்ட்ரிகேட்டா. அமெரிக்கக் கண்டங்களின் வெப்பமண்டலக் கரைகள்தான் அதன் சொந்த ஊர். பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து என்று வந்து, கேரளத்தின் அஷ்டமுடிக் காயலிலும் கொச்சிக் காயலிலும் பதிவாகி, எண்ணூரிலும் பழவேற்காடு பக்கமும் உட்கார்ந்துவிட்டது. உப்பு கூடினாலும் குறைந்தாலும் தாங்கும். நூல் மாதிரி இழைகளை விட்டுக் கல்லையோ கம்பையோ இன்னொரு சிப்பியையோ பிடித்துக்கொள்ளும். ஒன்றின்மேல் ஒன்றாக அப்பி, ஆற்றின் அடியையே மூடிவிடும்.

கூட வேலை பார்க்கும் நண்பனின் தாய்மாமா எண்ணூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில் இருக்கிறார். ஆற்றில் இறங்கிக் கையாலேயே இறால் பிடித்துப் பழகியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு கரையில் நின்றிருந்தேன்.

"முன்னாடி கால வெச்சா சேறு. இப்ப கால வெச்சா பிளேடு" என்று உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினார். "இறாலு சேத்துலதான் பூந்து படுக்கும் தம்பி. மேல இது பாய் விரிச்ச மாதிரி மூடிக்கிச்சுன்னா, அது எங்க பூரும்?"

அப்புறம் கேட்டார். "நீ எங்க வேல பாக்குற?"

"ஒரகடத்துல மாமா. வண்டி பார்ட்ஸ் வெளிநாட்டுக்கு அனுப்புற கம்பெனி."

"அப்ப உங்க சரக்க ஏத்தத்தான் கப்பலு வருது" என்றார். அதில் குத்தலும் இல்லை, கோபமும் இல்லை. பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் "ஆமாம்" என்றேன். வேறென்ன சொல்வது என்று அன்றிலிருந்து யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

*

தெரியாமல் நடந்த தீங்குக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி நமக்குப் புதிது இல்லை. மனுநீதிச் சோழன் கதையே அதுதானே? இளவரசன் தேரோட்டிப் போகிறான், கன்று துள்ளி வந்து சக்கரத்தில் விழுகிறது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் பசு மணியை அடிக்கிறது, அரசன் மகனையே தேர்க்காலில் இடுகிறான். பெரியபுராணம் சொல்லும் இந்தக் கதைக்கு சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையே இருக்கிறது. சின்ன வயதில் இதை நீதிக் கதையாகக் கேட்டபோது பயமாக இருந்தது. இப்போது யோசித்தால் அந்தக் கதை ரொம்ப வசதியான கதை என்று தோன்றுகிறது. ஒரே தேர், ஒரே கன்று, ஒரே சக்கரம். சாட்சிக்கு ஊரே இருக்கிறது. மணியை அடிக்க பசுவுக்குத் தெரிந்திருக்கிறது.

எண்ணூரில் மணி அடித்தாகிவிட்டது. விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போனது. சிப்பியை அகற்ற ஏறத்தாழ 160 கோடி ரூபாயைக் காமராசர் துறைமுகம் தர வேண்டும் என்று தமிழக நீர்வளத் துறை கேட்டது. மாசு செய்தவர் பணம் தர வேண்டும் என்ற கொள்கை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தேர் எது?

துறைமுகம் கப்பலை வைத்திருப்பதில்லை, கப்பலுக்கு இடம் கொடுக்கிறது. பக்கத்திலேயே காட்டுப்பள்ளி இன்னொரு துறைமுகம், கொஞ்சம் தெற்கே சென்னைத் துறைமுகம். சிப்பி பேலஸ்ட் தண்ணீரில்தான் வந்திருக்க வேண்டும் என்றும் இல்லை, கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டும் வரலாம். தென்னமெரிக்காவிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும் என்றும் இல்லை, சிங்கப்பூரில் இறங்கி, அங்கே பெருகி, அங்கிருந்து வேறொரு கப்பல் பிடித்திருக்கலாம். கார் ஏற்றும் கப்பல் பெரிய மொத்தச் சரக்குக் கப்பல் அளவுக்கு பேலஸ்ட் தண்ணீர் சுமப்பதும் இல்லை. எங்கள் தரப்பு வக்கீலாக நானே நின்றால் பத்து நிமிடத்தில் கேஸை உடைத்துவிடுவேன். எந்தக் கப்பல், எந்தத் தேதி, எந்தத் தொட்டி? யாருக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு புழு தண்ணீரோடு இறங்கிய அந்த நிமிடத்தை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் பார்க்கும்போது அது ஆற்றடியை மூடியிருந்தது.

எண்ணூர் அதற்கு முன்பே நல்ல உடம்போடு இருந்த இடமும் இல்லை. அனல்மின் நிலையச் சாம்பல், சுடுநீர், 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு கழிமுகத்தில் பரவிய எண்ணெய். ஏற்கெனவே நோஞ்சானாக இருக்கும் இடத்தில்தான் இந்தமாதிரி உயிர்கள் சுலபமாக ஊன்றிக்கொள்ளும். அப்படியானால் பொறுப்பாளிகளின் வரிசை இன்னும் நீள்கிறது.

டீக்கடையில் இதைச் சொன்னபோது நண்பன் சிரித்தான். "டேய், ரோடு போட்டவன், கார் வாங்கினவன், பார்ட்ஸ் செஞ்சவன் எல்லாரும் பொறுப்புன்னா, யாரும் பொறுப்பில்லன்னு அர்த்தம்." எல்லோரும் குற்றவாளி என்றால் யாரும் குற்றவாளி இல்லை என்று ஹன்னா அரெண்ட்டும் ஏறத்தாழ இதையேதான் சொன்னார். நண்பன் அவரைப் படித்ததில்லை. ஒரகடத்து டீக்கடையில் பாதித் தத்துவம் இப்படித் தானாகவே விளையும்.

ஆங்கிலேயத் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976இல் ஒரு லாரி டிரைவரை வைத்து இந்த இடத்தை யோசித்தார். டிரைவர் மேல் ஒரு தப்பும் இல்லை, ஒரு குழந்தை குறுக்கே வந்து இறந்துவிடுகிறது. பக்கத்தில் நின்று பார்த்தவனுக்கும் துக்கம் இருக்கும். ஆனால் டிரைவருக்கு இருப்பது வேறு மாதிரித் துக்கம், 'என் கையால்' என்ற துக்கம். நாம் அவனிடம் "உன் தப்பு இல்லப்பா" என்று சொல்லித் தேற்றத்தான் செய்வோம். ஆனால் அவன் உடனே தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த டிரிப்புக்குக் கிளம்பினால், அவனைப் பற்றி நமக்கு ஏதோ உறுத்தும். லாரிகளோடு வாழ்கிற எனக்கு இந்த உதாரணம் பிடித்துப்போனது. என்றாலும் அது எனக்கு முழுதாகப் பொருந்தவில்லை. அந்த டிரைவர் பிரேக் போட்டிருக்கிறான், சத்தத்தைக் கேட்டிருக்கிறான். நான் ஒரகடத்தில் ஏசியில் உட்கார்ந்து கிராஸ் வெயிட் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். துக்கம் தானாக வராத தூரத்தில் இருக்கிறேன். துக்கத்தை நம்பி ஒரு பொறுப்பைக் கட்ட முடியாது.

ஐரிஸ் மரியான் யங்கின் புத்தகம் ஒன்று அவர் இறந்தபிறகு 2011இல் வந்தது. குற்றம் வேறு, பொறுப்பு வேறு என்று அதில் பிரிக்கிறார். ஓர் அநியாயமான ஏற்பாட்டில் நம் அன்றாட வேலையாலேயே பங்கெடுக்கிறோம் என்றால், குற்றவாளி ஆகாமலேயே அதை மாற்றும் பொறுப்பு நமக்கு இருக்கிறது என்பது அவர் வாதம். நண்பனுக்கும் அரெண்ட்டுக்கும் இது நல்ல பதில்தான். ஆனால் அவர் பார்வை முழுக்க இனிமேல் என்ன செய்வது என்பதிலேயே இருக்கிறது. காலில் வெட்டுப்பட்டு நிற்கிறவரிடம் போய் 'இனிமேல் ஏற்பாட்டை மாற்றலாம்' என்று மட்டும் சொன்னால் எப்படியிருக்கும்?

எனக்கு உதவியது நம்மிடமே உள்ள ஒரு சொல், கடன். பழைய தமிழில் கடமைக்கும் அதுதான் பெயர், திருப்பித் தர வேண்டியதற்கும் அதுதான் பெயர். கடனில் இருக்கிற அழகு என்னவென்றால், அதற்குக் குற்றம் தேவையில்லை. கடன் வாங்கியவனிடம் யாரும் 'நீ நல்லவனா, வேண்டுமென்று செய்தாயா' என்று கேட்பதில்லை. வாங்கினாயா, கொடு. தண்டனை என்றால் யார் செய்தது என்று நிரூபிக்க வேண்டும். கடன் என்றால் யாருக்குக் கிடைத்தது என்று பார்த்தால் போதும். தொட்டித் தண்ணீரைச் சுத்தம் செய்யாமல் விட்ட ஒவ்வொரு முறையும் சரக்குக் கட்டணம் கொஞ்சம் மலிவாக இருந்தது. அந்த மலிவு கப்பல் கம்பெனிக்குக் கிடைத்தது, துறைமுகத்துக்குக் கிடைத்தது, எங்கள் கம்பெனிக்குக் கிடைத்தது, என் சம்பளத்திலும் ஒரு துளி இருக்கும். அது எண்ணூர் ஆற்றிடம் கேட்காமல் வாங்கிய கைமாற்று.

இது வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை, இந்த வழியில் ஏற்கெனவே பணம் வசூலாகிறது. எண்ணெய்க் கப்பல் விபத்துகளுக்கென்று ஒரு சர்வதேச நிவாரண நிதி இருக்கிறது. அதற்குப் பணம் தருவது விபத்து செய்தவர்கள் இல்லை. கடல் வழியாக ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் எண்ணெய் பெறும் நிறுவனங்கள், பெறுகிற டன் கணக்குக்கு ஏற்பத் தர வேண்டும். இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. அவர்களை யாரும் குற்றவாளி என்று சொல்வதில்லை. எண்ணெய் உனக்கு வந்தது, அது வரும் வழியின் ஆபத்திலும் உனக்குப் பங்கு உண்டு, அவ்வளவுதான். பேலஸ்ட் தண்ணீருக்கு இப்படி ஒரு நிதி இல்லை. எண்ணெய் கறுப்பாகத் தெரிகிறது, போட்டோவில் விழுகிறது. புழு விழுவதில்லை.

*

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'அந்நிய உயிரி ஊடுருவல்' என்ற பேச்சில் எனக்கு ஒரு கூச்சம் உண்டு. எங்கிருந்தோ வந்தது என்பதையே குற்றமாகப் பேசும் குரல்களை வேறு இடங்களில் நிறையக் கேட்கிறோம். ஒரகடமே வெளியூர்க்காரர்களால் ஓடுகிற இடம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள் இல்லையென்றால் பாதி லைன் நின்றுவிடும். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான் வந்தது, அது இல்லாத மீன் குழம்பை இன்று எண்ணூரில் யாரும் தொடமாட்டார்கள். சிப்பிக்கு ஒரு தப்பும் தெரியாது, அது கிடைத்த இடத்தில் பிழைக்கிறது. பிறந்த ஊரை வைத்து அதை வெறுக்க வேண்டியதில்லை. அது வந்ததால் யாருடைய சோறு போகிறது என்று பார்த்தால் போதும். மிளகாய் வந்தபோது யாருடைய கால் அடியும் கத்தியாகவில்லை.

விதிகள் இல்லாமல் இல்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2004இல் ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தது, அது நடைமுறைக்கு வர 2017 செப்டம்பர் வரை ஆனது. முதல் கட்டமாக, கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பால், 200 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் தொட்டித் தண்ணீரை மாற்ற வேண்டும். துறைமுகத்து உயிர்கள் நடுக்கடலில் பிழைக்காது, நடுக்கடல் உயிர்கள் துறைமுகத்தில் பிழைக்காது என்பது கணக்கு. நல்ல கணக்கு, ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. 2006 ஜூலையில் 'கூகர் ஏஸ்' என்ற கார் கப்பல், அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளுக்குத் தெற்கே நடுக்கடலில் பேலஸ்ட் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தபோது நிலைகுலைந்து ஏறத்தாழ 60 டிகிரி சாய்ந்தது. உள்ளே 4,700க்கும் மேல் மாஸ்டா கார்கள். கப்பலில் இருந்த 23 பேரையும் மீட்டார்கள். கப்பலை நிமிர்த்தப் போன குழுவில் ஒருவர் தவறி விழுந்து இறந்தார். கார்கள் அத்தனையும் அழிக்கப்பட்டன. யாரோ ஒருவரின் கடற்கரையைக் காப்பாற்ற, யாரோ ஒரு மாலுமியை நடுக்கடலில் சாயவிடுவதா? சுற்றுச்சூழல் பேசுகிற நாம் இந்த மாலுமியைச் சௌகரியமாக மறந்துவிடுகிறோம்.

அதனால்தான் இரண்டாம் கட்டம். கப்பலிலேயே வடிகட்டி, புற ஊதாக் கதிர் அல்லது குளோரின் கொண்டு தண்ணீரைச் சுத்தம் செய்யும் கருவி. பெரும்பாலான கப்பல்களுக்குக் கடைசிக் கெடு 2024 செப்டம்பர் 8. வெளியே விடும் தண்ணீரில், 50 மைக்ரோமீட்டருக்குக் குறையாத உயிர்கள் ஒரு கன மீட்டருக்குப் பத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். அந்தப் பத்தைக் கவனியுங்கள், பூஜ்யம் இல்லை. பத்தாயிரம் கன மீட்டர் விடும் கப்பல், ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான உயிர்களைச் சட்டப்படியே விடலாம். இதற்கு மேல் இறக்கினால் கருவி தாங்காது, வியாபாரம் தாங்காது என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட இடம் அது. நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் சட்டத்தை முழுதாகக் கடைப்பிடித்த பிறகும் ஆபத்து மிச்சம் இருக்கிறது என்றால், அந்த மிச்சத்தை யார் சுமப்பது என்பதை யாரோ தீர்மானித்தாக வேண்டும். தீர்மானிக்காமல் விட்டால் அது தானாகவே எண்ணூர் மாமாவின் உள்ளங்காலுக்குப் போய்ச் சேரும்.

திருப்பி எடுக்க முடியாது என்பதுதான் இதில் கொடுமை. 1999இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில், படகுத்துறைகளுக்குள் இதேபோல ஒரு வெளியூர்ச் சிப்பி வந்தபோது, குளோரினும் காப்பர் சல்பேட்டும் கொட்டி அடியோடு அழித்தார்கள். அந்தத் தண்ணீரில் இருந்த மற்ற உயிர்களும் சேர்ந்து போயின. அங்கே அது முடிந்ததற்குக் காரணம், அந்தத் துறைகளுக்கு மூடுகிற கதவு இருந்தது. கொசஸ்தலைக்குக் கதவு இல்லை. சுரண்டி எடுக்கலாம், மறுபடி வரும். ஆக இது அசலை அடைக்க முடியாத கடன். வட்டியாவது கட்டலாம், ஆற்றடியை வருடா வருடம் சுத்தம் செய்யும் கூலியாக, வலை வெறுமையாக வந்த நாட்களுக்கு ஈடாக.

நாம் கடன்பட்டது எண்ணூருக்கு மட்டுமா என்பதும் கேள்விதான். வடசென்னை அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி ஒடிசாவின் பாரதீப்பிலிருந்து கப்பலில் வருகிறது. அந்தக் கப்பல்கள் நிறைந்து வந்து காலியாகத் திரும்புகின்றன. காலியாக என்றால், எண்ணூர்த் தண்ணீரோடு. கரையோரமாகவே போகிற பாதை அது, நடுவில் 200 கடல் மைல் தள்ளிப்போய் மாற்றுகிற பேச்சு இல்லை. கருவி ஒழுங்காக ஓடவில்லையென்றால், நம் காக்கா ஆழியின் இளம்புழுக்கள் மகாநதியின் வாயில் இறங்கும். அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு எங்கள் ஷெட்டிலும் எரிகிறது. எங்கள் லைனில் நிற்கும் ஒடியாப் பையன்களில் யாருடைய அப்பாவாவது அந்தப் பக்கம் இறால் பிடிப்பவராக இருக்கலாம்.

வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வருடா வருடம் எங்களிடம் படிவம் நிரப்பச் சொல்வார்கள். குழந்தைத் தொழிலாளர் உண்டா, கார்பன் எவ்வளவு, எந்தச் சுரங்கத்துத் தாது. அதே மாதிரி நாங்களும் சரக்கு ஏற்றும் கப்பல் கம்பெனிகளுக்கு ஒரு படிவம் அனுப்புகிறோம். அதில் மூன்று வரி சேர்க்கலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். பேலஸ்ட் தண்ணீர்க் கருவி என்ன வகை, கடைசியாக எப்போது சோதித்தீர்கள், இந்தத் துறைமுகத்தில் எவ்வளவு தண்ணீர் விட்டீர்கள். கூடவே, பெட்டிக்கு இவ்வளவு என்று ஒரு சின்னத் தொகையை எண்ணூருக்கென்று எடுத்துவைக்க முடியுமா என்றும் கேட்டேன். முதல் மூன்றுக்கும் "சரி, போட்டுப் பாரு" என்றார். நாலாவதுக்குக் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"நம்ம மட்டும் குடுத்தா போட்டியில நிக்க முடியுமா?"

நியாயமான கேள்விதான். பெட்டிக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டு எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். எக்செல்லில் முதல் பத்தியில் பெட்டிகளின் எண்ணிக்கை இருக்கிறது. எதிர்ப் பத்தியில் போட, ஒரு நாள் இறால் பாட்டுக்கு முன்பெல்லாம் எவ்வளவு கிடைத்தது என்று மாமாவிடம் கேட்க வேண்டும்.